வழி தவறி வந்த விருந்தாளி

ஒரு பறவையைப் பார்ப்பதற்காகக் கடல் கடந்து பிரயாணம் செய்தேன் என்று சொன்னால் நேயர்கள் புன்னகை புரிவார்கள். அந்தப் பறவை அந்த ஊரை விட்டுப் போய் இரண்டரை வருஷம் ஆகிவிட்டது என்று நன்றாகத் தெரிந்திருந்தும் போனேன் என்றால் வாய் விட்டே சிரிப்பார்கள். என் வீட்டிலும் சிரிக்கத்தான் செய்தார்கள். "கலியாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு சாப்பாட்டுக்குப் போகிறவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு தடவையும் நான் அப்படித்தான் பந்தல் பிரித்த பிறகு போய்ச் சேர்ந்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாவிட்டால், தைவான் தீவின் வடகோடியில் ஜின்ஷான் என்ற சின்னஞ்சிறு ஊரின் வயல் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நான் எதற்காக நின்றேன் என்பது விளங்காது.

2003-ஆம் வருஷம் ஜனவரி மாதம் ராஜஸ்தானத்தில் உள்ள பரத்பூருக்குப் போயிருந்தேன். அவ்வூரை ஒட்டிக் கேவலதேவ் என்ற பக்ஷி சரணாலயம் இருக்கிறது. சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரிகளும் புல்வெளிகளும் கருவேல மரங்களும் சேர்ந்த பிரதேசம். நடுவே ஒரு சிவன் கோயில். அந்த ஈசனின் பெயரே காட்டுக்கும் பெயராயிற்று. 1985-ஆம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனம் அதை உலகப் பாரம்பரிய ஸ்தலங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அந்தப் பெருமைக்கு ஒரு முக்கியக் காரணம், குளிர் காலத்தில் அங்கே வந்து தங்கிய ஸைபீரியப் பெருங்கொக்கு.

பெருங்கொக்கு என்றதும் நம் ஊர் வயலில் ஏர் உழுகிறவன் பின்னால் புழு பொறுக்கிக்கொண்டு போகும் வெள்ளைக் கொக்கை நினைத்துவிடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு ஜாதி. நம் கொக்கு பறக்கும்போது கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். பெருங்கொக்கோ கழுத்தை ஈட்டி போல் முன்னே நீட்டிக்கொண்டு பறக்கும். ஸைபீரியப் பெருங்கொக்கு நின்றால் நாலரை அடி உயரம். சிறகை விரித்தால் ஏழடி அகலம். உடல் முழுதும் வெண்மை. சிறகின் நுனி மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்பும் பறக்கும்போதுதான் நன்றாகத் தெரியும். முகத்தில் இறகில்லாத சிவந்த தோல், மஞ்சள் நிறக் கண், செந்நிறக் கால். மற்றப் பெருங்கொக்குகள் எக்காளம் போல் முழங்கும். இதன் குரலோ புல்லாங்குழல் போன்றது என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். நான் கேட்டதில்லை.

சரணாலயத்தின் வாசலில் சைக்கிள் ரிக்ஷாக்காரர்கள் இருந்தார்கள். பரத்பூர் ரிக்ஷாக்காரர்களைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். பறவைகளின் பெயரையும் குணத்தையும் கற்றுத் தேர்ந்து, வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வித்துவான்கள். எனக்கு வாய்த்தவர் வயது முதிர்ந்த ஒரு ஸர்தார்ஜி. மழை பொய்த்துப் போன வருஷமாகையால் ஏரிகளில் பல வறண்டு கிடந்தன. ஸாரஸ் கொக்கு ஜோடி ஒன்றையும் வாத்துக் கூட்டங்களையும் காட்டிவிட்டு அவர் வண்டியைத் திருப்பினார். "ஸைபீரியாக்காரர்கள் எங்கே?" என்று கேட்டேன். ஸர்தார்ஜி பதில் சொல்லவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு குறிப்புப் புஸ்தகத்தை எடுத்தார். சென்ற குளிர் காலத்துப் பக்கத்தைத் திருப்பி, "இரண்டு" என்று எழுதியிருந்ததைக் காட்டினார். பிறகு அந்த வருஷத்துப் பக்கத்தைத் திருப்பினார். அதில் தேதிகள் இருந்தன. தேதிக்கு எதிரே ஒவ்வொரு நாளும் ஒரு பூஜ்யம்.

"வருவார்கள், ஸாஹிப். நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார்.

அவர்கள் வரவில்லை. 2001-02 குளிர் காலத்தில் வந்த அந்த ஜோடிதான் பாரத பூமியில் இறங்கிய கடைசி ஜோடி. 1964-65-இல் அங்கே 200 பறவைகள் எண்ணப்பட்டன. 1992-93-இல் ஐந்து. அதற்கடுத்த இரண்டு வருஷங்கள் ஒன்றுமே இல்லை. பிறகு மறுபடியும் நாலு வந்தன; ஜனங்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள். அதன் பிறகு இரண்டு. பிறகு பூஜ்யம்.

கோயிலுக்கு அருகே சில கல்வெட்டுகள் இருக்கின்றன. எந்தத் தேதியில் எந்தப் பிரபு வந்து எத்தனை பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்ற கணக்கு அவற்றில் வெட்டப்பட்டிருக்கிறது. 1938-ஆம் வருஷம் நவம்பர் 12-ஆம் தேதி, வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கோஷ்டியார் ஒரே நாளில் 4,273 பறவைகளைக் கொன்றதாக ஒரு வரி. அதைப் படித்துவிட்டு வெகு நேரம் அங்கேயே நின்றேன். நம்மை ஆண்டவர்கள் கணக்கு எழுதுவதில் மகா கெட்டிக்காரர்கள்! கொன்ற கணக்குக்குக் கல் கிடைத்தது. காத்திருந்த கணக்குக்கு ஒரு ரிக்ஷாக்காரரின் எண்ணெய்ப் புஸ்தகம்தான் கிடைத்தது.

பறவைகள் வராமற் போனதற்கு அந்தத் துப்பாக்கிகளையே முழுக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. பரத்பூருக்கு வந்தவை மேற்கு ஸைபீரியாவில் ஓப் நதியின் கிளையான குனோவத் ஆற்றங்கரையில் பிறந்தவை. மத்திய ஆசியாவைத் தாண்டி, ஆப்கானிஸ்தானத்து மலைகளுக்கு நடுவே உள்ள ஏரியில் இளைப்பாறி, பிறகு நம் நாட்டுக்குள் வருவது அவற்றின் வழி. வழி நெடுக வேட்டை. வழி நெடுக யுத்தம். வற்றிப் போன ஏரிகள். 1993-ஆம் வருஷத்தில் இந்தப் பறவைகளைக் காப்பதற்கென்றே பல தேசங்கள் கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டன. காகிதத்தில் கையெழுத்து உலருவதற்குள் பறவைகள் அருகிவிட்டன. இது குழந்தைக்குப் பெற்றோர் கற்றுக்கொடுக்கும் வழி. முதல் குளிர் காலத்தில் குஞ்சு தாய் தந்தையரோடு கூடவே பறந்து வந்து பாதையைப் பழகிக்கொள்கிறது. பாதை தெரிந்த கடைசி ஜோடி மறைந்தால் பாதையும் மறைந்து போகிறது. பிறகு ஏரி நிறையத் தண்ணீர் விட்டாலும் பயன் இல்லை.

இப்போது உலகத்தில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கிழக்கு வழியைச் சேர்ந்தவை. அவை ஸைபீரியாவின் வடகிழக்கே யாகுத்தியாவின் பனிச் சதுப்பு நிலங்களில் முட்டையிட்டு, 3,000 மைலுக்கு மேல் பறந்து வந்து, சீனாவில் யாங்ஸி நதியை ஒட்டிய போயாங் ஏரியில் குளிர் காலத்தைக் கழிக்கின்றன. 1980-81 குளிர் காலத்தில் சீன விஞ்ஞானிகள் அந்த ஏரியில் நூறு பறவைகளைக் கண்டுபிடிக்கும் வரையில் இந்த இரகசியம் வெளியுலகுக்குத் தெரியாது. பிற்காலத்து எண்ணிக்கைகள் ஆயிரக்கணக்கில் ஏறின. சமீப காலத்துக் கணக்கு 5,000-க்கு மேல். ஆனாலும் ஏறக்குறைய ஓர் இனம் முழுதும் ஒரே ஏரியை நம்பி இருக்கிறது. ஒரே கூடையில் குடும்பத்துச் சொத்தை எல்லாம் வைத்துவிட்டுத் தூங்குகிறவன் நிலைமைதான் அதன் நிலைமை.

இந்த நிலையில்தான் 2014-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ஒரு செய்தி பரவிற்று. போயாங் ஏரிக்குத் தென்கிழக்கே 400 மைலுக்கு மேல் விலகி, கடலுக்கு அப்பால், தைவானில் ஒரு ஸைபீரியப் பெருங்கொக்கு தனியாக இறங்கியிருக்கிறது! அந்தத் தீவில் அந்த இனத்தை அதற்கு முன் எவரும் கண்டதில்லை. வந்ததும் பெரிய பறவை அல்ல. அந்த வருஷத்துக் கோடையில் பிறந்த குஞ்சு.

அப்போது போக எனக்கு வசதிப்படவில்லை. "நாளை போகலாம், அடுத்த மாதம் போகலாம்" என்று இருந்தேன். பறவை 500 நாட்களுக்கு மேல் எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது! ஆகவேதான் 2018 டிசம்பரில் புறப்பட்டேன். பறவையைப் பார்க்க அல்ல. அதைப் பார்த்தவர்களைப் பார்க்க.

தாய்பே நகரத்திலிருந்து ஜின்ஷானுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எரிமலைகள் அவிந்து உண்டான மலைத் தொடர் ஒரு புறம். கடல் மறு புறம். ஊரின் பெயருக்குப் 'பொன்மலை' என்று பொருள். மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. பழைய கடைத்தெருவிலே வேகவைத்த வாத்துக் கறி வெகு பிரசித்தம். என்னைப் போன்ற சைவர்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வாங்கித் தின்றுகொண்டு மேலே நடக்கலாம். நான் போன தினம் வடகிழக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. நம் நாட்டுக்கு ஐப்பசியில் வருவது போன்ற காற்றுத்தான். அங்கே அது குளிர் காலம் முழுதும் நிற்காமல் தூறலைக் கொண்டுவந்து கொட்டுகிறது.

என்னை அழைத்துச் சென்றவர் தாய்பேயில் உபாத்தியாயராக இருக்கும் ஓர் இளைஞர். நண்பர் ஒருவரின் நண்பர். விடுமுறை நாட்களில் கழுத்தில் தூரதர்சினிக் கண்ணாடியும் பையில் நோட்டுப் புஸ்தகமுமாகச் சுற்றுவதே அவருக்கு உல்லாசம். கடைத்தெருவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்ததும் வயல்கள் விரிந்தன. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கையகலச் சமவெளி. அறுவடை முடிந்து நீர் தேங்கி நின்ற வயல்கள், இடையிடையே தாமரைக் குட்டைகள். சிங்ஷுய் ஈரநிலம் என்று அதற்குப் பெயர்.

"இந்தச் சிறு இடத்தில் என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"ஐயா, வடக்கேயிருந்து கடலைத் தாண்டி வரும் பறவைக்குக் கண்ணில் படும் முதல் பசுமை இது. களைத்து வருகிறவனுக்கு ஊர்க்கோடிச் சத்திரம் எப்படியோ அப்படி" என்றார் அவர். "அதனால் வழி தவறியவை எல்லாம் இங்கேதான் இறங்கும். நாங்களும் இங்கேதான் காத்திருப்போம்."

பிறகு அவர் நோட்டுப் புஸ்தகத்தைத் திறந்தார். எனக்கு எழுத்துப் புரியவில்லை. அவரே பக்கம் பக்கமாகச் சொல்லி வந்தார்.

அபூர்வப் பறவையைப் பார்த்தேன் என்று ஒருவன் வந்து சொன்னால், உலகம் லேசில் நம்புவதில்லை, நம்பவும் கூடாது. ஆசை கண்ணை மறைக்கும். தூரத்தில் நிற்கும் வெள்ளைக் கொக்கு, மூடுபனியில் பெருங்கொக்காகத் தோன்றும். ஆகையால் தேதி, நேரம், இடம், காற்றின் திசை, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது, எவ்வளவு தூரம், கூட இருந்தவர் யார் என்பதையெல்லாம் அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து எழுதியதற்கு மதிப்புக் குறைவு. புகைப்படம் எடுக்கும்போது அழகான படம் ஒன்று இருந்தால் போதாது. நிற்கும் நிலை, பறக்கும் நிலை, சிறகு விரித்த நிலை, கால், அலகு, முகம் என்று தனித்தனியே வேண்டும். இவ்வளவையும் சேர்த்துப் பக்ஷிச் சங்கத்தாரின் பதிவுக் குழுவிடம் கொடுத்தால், அதில் உள்ள நிபுணர்கள் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்வது போல் செய்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்வார்கள்.

விசாரணையின் முதல் கேள்வி: இது ஸைபீரியப் பெருங்கொக்குத்தானா? குஞ்சுக்கு அப்போது வெண்மை வரவில்லை. தலையும் கழுத்தும் முதுகும் இலவங்கப்பட்டையின் நிறத்தில் இருந்தன. முகத்தில் சிவந்த தோலும் தெரியவில்லை, இறகு மூடியிருந்தது. ஆனால் சிறகை விரித்த படத்தில் நுனி இறகுகள் மட்டும் கறுத்துத் தெரிந்தன. மஞ்சூரியச் செந்தலைக் கொக்குக்குக் கறுப்பு இருப்பது சிறகின் உட்புறத்து இறகுகளில். ஆக, அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

இரண்டாவது கேள்விதான் கடினமானது: யாராவது கூண்டில் வளர்த்தது தப்பி வந்துவிட்டதா? காலில் வளையம் உண்டா? சிறகைக் கத்தரித்த அடையாளம் உண்டா? கம்பியில் உராய்ந்து தேய்ந்த வாலா? மனிதர் கை நீட்டினால் தின்பண்டத்துக்கு ஓடி வருகிறதா? இவற்றுக்கெல்லாம் படமும் குறிப்பும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வயதும் வந்த காலமும் சாட்சி சொல்லின. யாகுத்தியாவிலிருந்து குடும்பங்கள் தெற்கே இறங்கும் பருவம் முடியும் சமயத்தில், அந்த வருஷத்துக் குஞ்சு ஒன்று தனியாக வந்திருக்கிறது. காற்றிலே குடும்பத்தைத் தவற விட்ட குழந்தை என்பதே பொருத்தமான முடிவு.

"பதிவு செய்ததோடு எங்கள் வேலை முடிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம்" என்றார் உபாத்தியாயர். "அப்புறந்தான் உண்மையான வேலை ஆரம்பமாயிற்று."

விஷயம் இதுதான். பெருங்கொக்கு தன் ஏரியில் நீர்ச் செடிகளின் கிழங்கைத் தோண்டித் தின்னும் பிராணி. ஜின்ஷானில் அதற்குக் கிடைத்த முக்கியமான ஆகாரம் வயல் நத்தை. அதுவும் ஊர் நத்தை அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து 1980-ஐ ஒட்டிய வருஷங்களில் தின்பதற்கென்று தைவானுக்குக் கொண்டுவந்த பொன்னிற நத்தை. தின்ன ஆள் இல்லாமல் வாய்க்காலில் கொட்ட, அது பெருகி, நட்ட நாற்றைத் தின்று, உழவர் வயிற்றில் அடித்தது. அதனால் நடவுக் காலத்தில் நத்தைக்கு விஷம் போடுவது அங்கே வழக்கம். நத்தை தின்னும் பறவையும், நத்தைக்கு விஷம் போடும் உழவரும் ஒரே வயலில்! உலகத்தில் சில ஆயிரமே மிஞ்சியுள்ள ஓர் இனத்தின் குழந்தை, ஒரு பொட்டலம் மருந்தில் போய்விடக்கூடும்.

சர்க்கார் சட்டம் போடலாம். ஆனால் வயல் உழவருடையது, நஷ்டமும் அவருடையது. தங்களுடைய நெல்லைப் பறவைக்காகத் தியாகம் செய்யும்படி நகரத்து மனிதர்கள் வந்து கேட்பது எளிது. நாமாயிருந்தால் சம்மதித்திருப்போமா என்று நெஞ்சில் கை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சிலர் சம்மதித்தார்கள். அவர்களில் முதன்மையானவர் தள்ளாத வயதிலும் சேற்றில் இறங்கி உழைத்த ஒரு பெரியவர். அவர் வேலை செய்துகொண்டிருந்தால் குஞ்சு சில அடி தூரத்தில் வந்து மேயும். குனிந்து களை பறிக்கும் கிழவரும் குனிந்து நத்தை பொறுக்கும் குஞ்சும் சேர்ந்த புகைப்படம் அந்தத் தேசத்துப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. நாளடைவில் வேறு சில உழவர்களும் சேர்ந்தார்கள். இயற்கைப் பாதுகாப்பு ஸ்தாபனம் ஒன்று துணை நின்று, விஷமில்லாமல் விளைந்த நெல்லுக்கு நல்ல விலை கிடைக்க ஏற்பாடு செய்தது. நத்தையைக் கையால் பொறுக்கினார்கள்; மிச்சத்தைப் பறவை பொறுக்கிற்று.

மற்றொரு தொல்லை, பார்க்க வந்த ஜனக்கூட்டம். பீரங்கி போன்ற காமிராக்களைத் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள். தொண்டர்கள் முறை போட்டுக் காவல் நின்று, கிட்டே போகாதீர்கள், தின்னக் கொடுக்காதீர்கள், பறக்க வைப்பதற்காகக் கல்லெறியாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்ச வேண்டியிருந்தது. பறவையைப் பிடித்து விமானத்தில் ஏற்றிச் சீனாவுக்கு அனுப்பிவிடலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. பிடிக்கும் அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடலாம். தானாக வந்தது தானாகப் போகட்டும். இருக்கும் வரையில் இடைஞ்சல் செய்யாமல் இருப்பதே நம் கடமை என்று நிபுணர்கள் முடிவு கட்டினார்கள்.

நோட்டுப் புஸ்தகத்தில் மாதங்கள் நகர்ந்தன. வசந்த காலம் வந்தும் குஞ்சு வடக்கே போகவில்லை. உடலில் வெண்மை ஏறிற்று. இலவங்க நிறம் முதுகை விட்டு இறங்கிக் கழுத்தில் நின்றது. பிறகு தலையில் மட்டும் கொஞ்சம் மிஞ்சிற்று. பனிப் பிரதேசத்துப் பறவை தைவானின் புழுக்கத்தையும் வெயிலையும் சகித்துக்கொண்டது. 2015 ஆகஸ்டில் சௌடலோர் என்ற பெரும் புயல் தீவை உலுக்கியபோது ஊரார் தங்கள் கூரையைப் பற்றிக் கவலைப்பட்டதோடு இதைப் பற்றியும் கவலைப்பட்டார்கள். புயல் ஓய்ந்த பிறகு, வழக்கமான வயலில் வழக்கமான நடையோடு நத்தை தேடிக்கொண்டிருந்தது.

ஒரு பக்கத்தில் இளைஞர் விரலை வைத்தார். "இதை மட்டும் அப்படியே படிக்கிறேன்" என்று சொல்லி மொழிபெயர்த்தார்: "காலை 7 மணி. தூறல். மூன்று முறை கூவியது. நின்று கேட்டது. மறுபடியும் மேயத் தொடங்கியது."

எனக்குத் தொண்டையை என்னவோ செய்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அந்த வருஷம் டிசம்பரில் ஒரு விபரீதம் நடந்தது. பறவை ஜின்ஷானை விட்டுக் கிளம்பிற்று. ஊருக்குத்தான் போகிறது என்று எண்ணிப் பலர் கண்ணீரோடு விடை கொடுத்தார்கள். ஆனால் அது போய் இறங்கிய இடம், தாய்பே நகரத்தில் உள்ள ஸோங்ஷான் ரயில்வே நிலையம்! ஜன நெருக்கடி சூழ்ந்த இடத்தில், நாலரை அடி உயரத்தில் ஒரு வெள்ளைப் பறவை திகைத்து நின்றது. மிருகக் காட்சிசாலை வைத்தியர்கள் பத்திரமாகப் பிடித்துப் போய்ச் சிகிச்சை செய்தார்கள். இனி என்ன செய்வது என்ற வாதம் மறுபடியும் கிளம்பிற்று. சில நாட்களுக்குப் பிறகு ஜின்ஷான் வயலிலேயே கொண்டுவந்து விட்டார்கள். தாய் வீட்டுக்கு வந்த பெண்ணைப் போல் அது கூடையிலிருந்து இறங்கி நடந்ததாம்.

2016 மே மாதத்தில் ஒரு நாள் அது போய்விட்டது. அதற்குள் அது குழந்தை அல்ல. சிறகு முற்றி, வெண்மை நிறைந்து, தன் வழியைத் தானே தேடும் வயதுக்கு வந்துவிட்டது.

இதனால் உலகத்துக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கில் ஒன்று வழி தவறிற்று, திரும்பிப் போயிற்று. ஆனால் அந்த நோட்டுப் புஸ்தகத்தையும் அதைப் போன்ற பல புஸ்தகங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், வேறு எங்கும் கிடைக்காத செய்திகள் அதில் இருக்கின்றன. ஓர் இளம் பறவை எந்த மாதத்தில் எந்த இறகை மாற்றுகிறது. கிழங்கு கிடைக்காத இடத்தில் எதைத் தின்று பிழைக்கிறது. மனிதர் உழும் வயலில், மனிதர் சம்மதித்தால், வாழ முடியுமா முடியாதா. ஒரே ஏரியை நம்பியிருக்கும் இனத்துக்கு இவை அற்பச் செய்திகள் அல்ல. போயாங் ஏரியின் நீர்மட்டம் மாறினால், அதன் வாயில் அணை வந்தால், கிழங்கு அழுகினால், இவை எங்கே போகும் என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது. சம்மதித்த வயல் எங்கே இருக்கிறதோ அங்கே போகலாம் என்று ஜின்ஷான் காட்டிற்று.

பரத்பூரையும் ஜின்ஷானையும் ஒப்பிட்டு நம்மைத் தாழ்த்திக்கொள்வது என் எண்ணம் அல்ல. வேட்டைக் காடாக இருந்ததைச் சுதந்திர பாரதம் சரணாலயம் ஆக்கிற்று. நாம் பாதையின் முடிவைப் பாதுகாத்தோம். பாதை நம் கையில் இல்லை. ஜின்ஷானுக்கோ பாதையே இல்லாமல் ஒரு பறவை வந்தது. இரண்டு இடத்திலும் சாதாரண மனிதர்கள் தினந்தோறும் போய்ப் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்கள். ஸர்தார்ஜியின் புஸ்தகத்தில் கடைசியில் பூஜ்யம் விழுந்தது அவர் குற்றம் அல்ல. அந்தப் பூஜ்யங்களை அவர் எழுதாமல் விட்டிருந்தால், எந்த வருஷத்தில் நாம் எதை இழந்தோம் என்பதே தெரியாமல் போயிருக்கும். பெரியவர்கள் சொல்லும் கதையில் மட்டும் அது உலாவிக்கொண்டிருக்கும்.

மாலை நாலரை மணி ஆயிற்று. மலைப் பக்கத்தில் இருட்டு இறங்கிற்று. வெள்ளைக் கொக்குகள் கழுத்தை மடித்துக்கொண்டு மரங்களை நோக்கிப் பறந்தன. ஒவ்வொன்றையும் நான் கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன் என்று சொல்வதில் வெட்கம் இல்லை. இளைஞர் அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார். "நாங்களும் இன்னும் அப்படித்தான் பார்க்கிறோம், ஐயா" என்றார்.

புறப்படுமுன் அவர் அன்றையப் பக்கத்தை எழுதினார். தேதி, நேரம், காற்று, தூறல். பிறகு கண்ட பறவைகளின் வரிசை. எழுதி முடித்துப் புஸ்தகத்தையும் பென்ஸிலையும் என்னிடம் நீட்டினார். வெகு தூரத்திலிருந்து வந்தவர் தம் பாஷையில் ஒரு வரி எழுத வேண்டும் என்பது அவர் விருப்பம்.

என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தேன். பரத்பூர் ஸர்தார்ஜியை நினைத்துக்கொண்டேன். பிறகு, மழைத் துளி விழாமல் குடையைச் சாய்த்துக்கொண்டு, தேதிக்குக் கீழே தமிழில் எழுதினேன்: "பெருங்கொக்கு - இன்று இல்லை."

"என்ன எழுதினீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையை அசைத்துப் புஸ்தகத்தை வாங்கி, மழைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இருவரும் வரப்பின் மேல் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம்.